ஸ்டெஃபைலோகாக்கஸ் தடுப்பூசி: எந்த வழியை நம்பி முதலிடுவது?

மனிதருக்கான ஸ்டெஃபைலோகாக்கஸ் தடுப்பூசி எதுவும் இன்னும் உரிமம் பெற்றுப் பயன்பாட்டுக்கு வரவில்லை. ஆனால், 2019ஆம் ஆண்டில் உலகெங்கும் நேர்ந்த இறப்புகளை ஆராய்ந்து 2022இல் லான்செட் இதழ் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் ஒரே பாக்டீரியாவோடு தொடர்புடைய இறப்புகள் சுமார் 11 லட்சம். 135 நாடுகளில் வேறெந்தப் பாக்டீரியாவை விடவும் அதிக உயிர்களைப் பறித்தது இதுவே. உலக சுகாதார நிறுவனமும், புதிய தடுப்பூசிகள் முன்னுரிமையுடன் உருவாக்கப்பட வேண்டிய 17 நோய்க்கிருமிகளின் பட்டியலை 2024 நவம்பரில் வெளியிட்டபோது இதையும் அதில் சேர்த்தது. தேவையைப் பற்றி யாருக்கும் ஐயமில்லை. ஒரு பொது நிதி அமைப்போ பல்கலைக்கழக ஆய்வகமோ தன் அடுத்த பத்தாண்டு உழைப்பையும் பணத்தையும் எந்த வகைத் தடுப்பூசிக்கு ஒதுக்க வேண்டும் என்பதில்தான் கருத்து வேறுபாடு. அந்த முடிவை எடுக்க வேண்டியவரின் இடத்தில் நின்று, கையிலிருக்கும் வழிகளை இக்கட்டுரை ஒப்பிட்டுப் பார்க்கிறது.

ஒப்பிடுவதற்கு முன் கிருமியின் இயல்பைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தட்டம்மை வந்து தேறியவருக்கு அது பொதுவாக மறுபடி வருவதில்லை. உடல் ஒரு முறை கற்றுக்கொண்ட பாடத்தையே தட்டம்மைத் தடுப்பூசி நோயின்றிக் கற்பிக்கிறது. ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் அப்படிப்பட்டதன்று. ஏறக்குறைய மூன்றில் ஒருவரின் மூக்குத் துவாரத்தில் இக்கிருமி எந்தத் தொல்லையும் தராமல் குடியிருக்கிறது. குழந்தைப் பருவத்திலிருந்தே அதன் புரதங்களுக்கு எதிரான ஆன்டிபாடிகள், அதாவது எதிர்ப்புரதங்கள், பெரும்பாலோரின் இரத்தத்தில் உள்ளன. அப்படியிருந்தும் தொடையில் சீழ்க்கட்டி வந்தவருக்கு ஆறே மாதத்தில் அக்குளில் இன்னொன்று வருகிறது. இயற்கையான தொற்றே நம்பத்தக்க காப்பை விட்டுச் செல்லாதபோது, தடுப்பூசி எதைப் பின்பற்றிக் கற்பிப்பது? கீழே வரும் ஒவ்வொரு வழியும் இந்தக் கேள்விக்கான ஒரு விடை என்றே அவற்றைப் பார்க்கிறேன். மனிதரில் காப்பு கிடைத்ததற்குச் சான்று உண்டா, தோற்றால் நோயாளிக்குத் தீங்கு நேருமா, கிருமியின் எல்லா வகைகளுக்கும் அது பொருந்துமா, யாரிடம் சோதிக்க முடியும் என்ற நான்கையும் அளவுகோல்களாகக் கொள்கிறேன்.

முதல் வழி, கிருமியின் மேலுறையைக் குறிவைப்பது. சர்க்கரைச் சங்கிலிகளாலான உறையை ஒரு புரதத்தோடு பிணைத்துச் செலுத்தும் முறை, குழந்தைகளுக்கு மூளையுறைக் காய்ச்சலை உண்டாக்கும் ஹிப் கிருமிக்கும், நிமோனியாவை உண்டாக்கும் நியூமோகாக்கஸுக்கும் எதிராக மிகச் சிறந்த பலனைத் தந்தது. உறைமேல் எதிர்ப்புரதங்கள் ஒட்டிக்கொண்டால் வெள்ளணுக்கள் கிருமியை எளிதாக விழுங்கும் என்பதே அதன் தத்துவம். அதே பாதையில், நபி பயோஃபார்மசூட்டிகல்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் உறை வகை 5, வகை 8 ஆகிய இரண்டையும் கொண்டு ஸ்டாஃப்வேக்ஸ் என்ற தடுப்பூசியை உருவாக்கி, கலிஃபோர்னியாவில் டயாலிசிஸ் செய்துகொள்ளும் சுமார் 1,800 பேரிடம் சோதித்தது. 2002இல் வெளியான முடிவு நம்பிக்கையையும் ஏமாற்றத்தையும் ஒருங்கே தந்தது. நாற்பது வாரம் வரை கணக்கிட்டால் இரத்தத்தில் தொற்று ஏறியவர்கள் தடுப்பூசிக் குழுவில் 11 பேர், மற்றக் குழுவில் 26 பேர். அதாவது 57 சதவீதக் காப்பு. ஆனால் ஆய்வுக்கு முன்கூட்டியே குறித்திருந்த கெடு 54 வாரங்கள். அதுவரை கணக்கிட்டபோது காப்பு 26 சதவீதமாகச் சுருங்கி, தற்செயலாகவும் நேரக்கூடிய வேறுபாடு என்ற நிலைக்கு இறங்கிவிட்டது. இன்னும் அதிகமானோரிடம் நடத்தப்பட்ட இரண்டாவது சோதனை 2005இல் தோல்வியில் முடிந்தது.

இந்த வழியை இன்று மீண்டும் தனியாக எடுத்துக்கொள்ள நான் பரிந்துரைக்க மாட்டேன். சிறுநீரகம் செயலிழந்தவர்களின் நோயெதிர்ப்பு ஏற்கெனவே தளர்ந்திருக்கும் என்பது ஒரு சமாதானமாகச் சொல்லப்படுகிறது. அதில் உண்மையும் உண்டு. எனினும் அதைவிட வலுவான தடை ஒன்று பின்னர் தெரியவந்தது. மருத்துவமனைக்கு வெளியே, ஆரோக்கியமான இளைஞர்களிடையே, அமெரிக்காவில் வேகமாகப் பரவிய யுஎஸ்ஏ300 என்ற எம்ஆர்எஸ்ஏ வகை (மெத்திசிலின் போன்ற மருந்துகளுக்கு அடங்காத ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ்), தன் மரபணுக்களில் நேர்ந்த மாற்றங்களால் உறையையே உற்பத்தி செய்வதில்லை. நியூமோகாக்கஸ் உறையை இழந்தால் நோயுண்டாக்கும் ஆற்றலைப் பெரிதும் இழக்கும். ஸ்டெஃபைலோகாக்கஸோ உறையின்றியும் தன் வேலையைச் செய்கிறது. நியூமோகாக்கஸை மாதிரியாகக் கொண்டது இந்த இடத்தில் பிழையாகிவிட்டது.

இரண்டாவது வழி, கிருமியின் மேற்பரப்பில் நிற்கும் ஒரு புரதத்தைத் தேர்ந்தெடுப்பது. இதை விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது. ஏனெனில் இத்துறையில் இதுவரை கிடைத்த மிகக் கசப்பான பாடம் இங்குதான் உள்ளது. ஐஎஸ்டிபி என்ற புரதம் மனித ஹீமோகுளோபினிலிருந்து இரும்பைக் கவர்ந்துகொள்ள இக்கிருமிக்கு உதவுகிறது. எல்லா வகைகளிலும் அது ஏறத்தாழ மாறாமல் காணப்படுகிறது. எலிகளில் அதற்கெதிரான தடுப்பூசி உயிர்காத்தது. மெர்க் நிறுவனம் அதைக் கொண்டு வி710 என்ற தடுப்பூசியைத் தயாரித்து, மார்பெலும்பைப் பிளந்து செய்யும் இதய அறுவைக்குக் காத்திருந்த சுமார் 8,000 பேரிடம் 2007 முதல் 2011 வரை சோதித்தது. எதிர்ப்புரதங்கள் எதிர்பார்த்தபடி உயர்ந்தன. இரத்தத் தொற்றோ ஆழமான மார்புப்புண் தொற்றோ தடுப்பூசி பெற்றவர்களில் 22 பேருக்கும் பெறாதவர்களில் 27 பேருக்கும் வந்தது. வேறுபாடு என்று சொல்ல அதில் ஏதுமில்லை. அதோடு நின்றிருந்தால் அது வெறும் தோல்வி. ஆனால் ஸ்டெஃபைலோகாக்கஸ் தொற்று வந்தவர்களை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தபோது, தடுப்பூசி பெற்றவர்களின் இறப்பு வீதம் மற்றவர்களுடையதைப் போல ஐந்து மடங்குக்கும் மேலாக இருந்தது: நூறு நபர்-ஆண்டுகளுக்கு, அதாவது நூறு பேரை ஓராண்டு கவனித்ததற்குச் சமமான காலத்துக்கு, 23.0க்கு எதிராக 4.2. பாதுகாப்புக் கண்காணிப்புக் குழுவின் பரிந்துரைப்படி சோதனை நிறுத்தப்பட்டது.

இந்த எண்களைப் படிக்கும் எவரும், அறுவைக்கு முன் நல்லெண்ணத்தோடு கையை நீட்டி ஊசி போட்டுக்கொண்ட அந்த நோயாளிகளை நினைக்காமல் கடந்து செல்லக் கூடாது என்று கருதுகிறேன். அவர்கள் ஏன் இறந்தார்கள் என்பதற்கு முழுமையான விடை இல்லை. இறந்தவர்களில் பலருக்கு, தடுப்பூசி போடுவதற்கு முன்பே ஐஎல்-2, ஐஎல்-17 ஆகிய நோயெதிர்ப்புச் சமிக்ஞைப் புரதங்கள் மிகக் குறைவாக இருந்தன என்று பின்னர் நடத்திய ஆய்வு காட்டியது. 2022இல் சான் டியேகோவிலுள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இன்னொரு கோணத்தைத் திறந்தனர். கிருமியை இதற்குமுன் சந்தித்தே இராத எலியில் ஐஎஸ்டிபி தடுப்பூசி காக்கிறது. முன்பே தொற்று கண்ட எலியில் அது காப்பதில்லை. முதல் தொற்றின்போது உடல் உண்டாக்கிய எதிர்ப்புரதங்கள் பயனற்றவை. தடுப்பூசி வந்து தட்டும்போது உடல் புதிதாகக் கற்காமல், அந்தப் பயனற்ற பழைய நினைவையே பெருக்கித் தருகிறது. மனிதர் அனைவரும் இக்கிருமியை முன்பே சந்தித்தவர்கள். ஆய்வகத்தில் தூய்மையாக வளர்க்கப்பட்ட எலி அப்படியன்று. எலியில் வென்ற தடுப்பூசிகள் மனிதரிடம் வரிசையாகத் தோற்றதற்கு நான் இதுவரை கண்ட விளக்கங்களுள் இதுவே மிகவும் ஏற்கத்தக்கதாகத் தோன்றுகிறது. எந்தப் புரதத்தைத் தேர்ந்தாலும், முன்தொற்று கண்ட விலங்கில் சோதிக்காத தடுப்பூசிக்கு இனி ஒரு ரூபாயும் ஒதுக்கக் கூடாது என்பது இதிலிருந்து நான் பெறும் முதல் முடிவு.

ஒன்று போதாதென்றால் பலவற்றைச் சேர்க்கலாமே என்பது மூன்றாவது வழி. ஃபைசர் நிறுவனம் இரண்டு உறைச் சர்க்கரைகளையும், கிருமி திசுவில் ஒட்டிக்கொள்ள உதவும் ஒரு புரதத்தையும், மாங்கனீசைக் கவரும் இன்னொரு புரதத்தையும் சேர்த்து நான்முனைத் தடுப்பூசி ஒன்றை உருவாக்கி, முதுகெலும்பு இணைப்பு அறுவைக்குச் செல்வோரிடம் சோதித்தது. பலன் தெரிய வாய்ப்பில்லை என்று இடைக்கால ஆய்வு காட்டியதால் 2018 டிசம்பரில் அது நிறுத்தப்பட்டது. வி710 போலன்றி இது தீங்கு விளைவிக்கவில்லை என்பது ஆறுதல். சீனாவில் ஐந்து புரதங்களைக் கொண்ட மற்றொரு தடுப்பூசி, எலும்பு முறிவுக்கு அறுவை செய்துகொள்வோரிடம் மூன்றாம் கட்டச் சோதனைக்கு 2022இல் நுழைந்தது. அதன் சேர்க்கையில் நச்சுகளும் இடம்பெற்றிருப்பது முந்தையவற்றிலிருந்து அதை வேறுபடுத்துகிறது. ஆனாலும் எண்ணிக்கையைக் கூட்டுவது மட்டுமே ஓர் உத்தியாகாது. உண்டாகும் எதிர்ப்புரதங்கள் எல்லாம் ஒரே வேலைக்கு, அதாவது வெள்ளணு கிருமியை விழுங்க உதவுவதற்கு, என்று இருந்தால், அந்த வெள்ளணுவையே கொல்லும் கிருமியிடம் அவை என்ன செய்யும்?

இந்தக் கேள்விதான் நான்காவது வழிக்கு நம்மைக் கொண்டு செல்கிறது: கிருமியை விட்டுவிட்டு அதன் ஆயுதங்களைக் குறிவைப்பது. இந்த எண்ணம் பிறந்தது ஒரு துயரத்தில். 1928 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் பண்டபெர்க் நகரில் தொண்டை அடைப்பான் நோய்க்கெதிராக ஊசி போடப்பட்ட 21 குழந்தைகளில் 12 பேர் இறந்தனர். கிருமிநாசினி சேர்க்கப்படாத, பலமுறை ஊசி நுழைத்து எடுக்கப்பட்ட அந்த மருந்துப் புட்டியில் ஸ்டெஃபைலோகாக்கஸ் வளர்ந்திருந்தது. அதை ஆராய்ந்தவர்களுள் ஒருவரான ஆஸ்திரேலிய அறிவியலாளர் மேக்ஃபார்லேன் பர்னெட், இக்கிருமி வெளியிடும் ஆல்ஃபா நச்சை நோக்கித் தம் கவனத்தைத் திருப்பினார். நச்சின் கொடுமையை முறித்து, உருவத்தை மட்டும் விட்டு, ஊசியாகச் செலுத்தும் டாக்சாய்டு முயற்சிகள் அடுத்த பத்தாண்டில் பல இடங்களில் தொடங்கின. பெனிசிலின் வந்தபின் அவை மறக்கப்பட்டன. தொண்டை அடைப்பானுக்கும் வில்வாத ஜன்னிக்கும் இன்றுவரை நாம் போடும் ஊசிகள் இதே தத்துவத்தில் அமைந்தவை என்பதை இங்கே நினைவில் கொள்ளலாம்.

ஸ்டெஃபைலோகாக்கஸிடம் ஒரு நச்சு மட்டும் இல்லை. ஆல்ஃபா நச்சு நுரையீரலின், தோலின் செல்களைத் துளைக்கிறது. லூக்கோசிடின்கள் என்ற குடும்பம், சீழ்க்கட்டிக்குள் கிருமியை எதிர்கொள்ள வரும் வெள்ளணுக்களையே வெடிக்கச் செய்கிறது. சூப்பர்ஆன்டிஜென்கள் என்ற நச்சுகள், நோயெதிர்ப்பை வழிநடத்தும் டி-செல்களை இலக்கின்றித் தூண்டி, உடல் தன்னையே தாக்கும் அதிர்ச்சி நிலைக்குத் தள்ளுகின்றன. லூக்கோசிடின்களில் சில மனித வெள்ளணுக்களை மட்டுமே அடையாளம் கண்டு கொல்பவை. எலியின் வெள்ளணுக்கள் அவற்றுக்குப் பெரிதும் அசைவதில்லை. ஆகவே எலிச் சோதனையில் இவற்றின் பங்கு கணக்கிலேயே வந்திருக்காது.

இவ்வழிக்கு மனிதரிடமிருந்து ஒரு சான்றும் உண்டு. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஸ்டெஃபைலோகாக்கஸ் தொற்று கண்ட குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்வு 2013இல் வெளியானது. ஆல்ஃபா நச்சுக்கெதிரான எதிர்ப்புரதம் அதிகமாக இருந்த குழந்தைகளுக்குத் தொற்று மீண்டும் வருவது குறைவாக இருந்தது. தொடர்பு இருப்பதாலேயே அதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது; எனினும் மேற்பரப்புப் புரதங்களுக்கு இப்படிப்பட்ட சான்று அரிது. பல நச்சுகளின் முறித்த வடிவங்களைச் சேர்த்து, சுவிட்சர்லாந்தின் லிம்மாடெக் நிறுவனம் முன்னெடுக்கும் தடுப்பூசி 2024இல் முதல் கட்ட மனிதச் சோதனைக்கு வந்தது. கிருமி எந்த வகையானாலும், மருந்துக்கு அடங்கினாலும் அடங்காவிட்டாலும், நச்சை முறித்தால் நோயின் கடுமை தணியும் என்பது இதன் ஈர்ப்பு. கிருமி மூக்கில் குடியிருப்பதை இது தடுக்காது. தடுக்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

தடுப்பூசி போட்டுக் காத்திருக்க நேரமில்லாதவர்களுக்கு ஆயத்த எதிர்ப்புரதத்தை நேரடியாக ஏற்றுவது ஐந்தாவது வழி. எடை குறைந்து பிறந்த குழந்தைகளுக்காக இரண்டு மருந்துகள் இவ்வாறு முயன்று பார்க்கப்பட்டன. இரண்டும் கிருமியின் மேற்பரப்பைக் குறிவைத்தவை, இரண்டும் தோற்றன. ஆல்ஃபா நச்சைக் குறிவைத்த சுவ்ராடாக்சுமாப் மட்டும் சற்று மாறுபட்ட கதை சொல்கிறது. ஐரோப்பியத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் செயற்கைச் சுவாசத்தில் இருந்த, மூச்சுக்குழாயில் இக்கிருமி காணப்பட்ட நோயாளிகளுள், மருந்து பெற்றவர்களில் நிமோனியா வந்தவர்கள் 18 சதவீதம். மருந்து பெறாதவர்களில் 26 சதவீதம். சுமார் இருநூறு பேர் மட்டுமே கொண்ட சோதனையாதலால் இந்த வேறுபாடு புள்ளியியல் கணக்கில் உறுதிப்படவில்லை. இருந்தும், இந்த மூன்றில் மேற்பரப்பை நோக்கிய இரண்டும் தோற்று, நச்சை நோக்கிய இது சரியான திசையில் அசைந்தது என்பது என் தராசில் எடையுள்ள செய்தி. விலைதான் இதன் பெருங்குறை. அரசு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒவ்வொருவருக்கும் இத்தகைய மருந்தை ஏற்றுவது நம் நாட்டில் விரைவில் நடக்கக்கூடியது அன்று.

எதிர்ப்புரதத்தை விட்டு டி-செல்களைத் தூண்ட வேண்டும் என்று வாதிடும் ஆய்வாளர்களும் உள்ளனர். அவர்கள் காட்டும் சான்று பிறவிக் குறைபாடுகளிலிருந்து வருகிறது. எதிர்ப்புரதமே உண்டாகாத குறைபாட்டோடு பிறந்தவர்களுக்கு இக்கிருமியின் தொல்லை முதன்மையானதன்று. ஐஎல்-17 சுரக்கும் டி-செல்கள் உருவாகாத ஜாப் நோய்க்குறி உடையவர்களுக்கோ தோலிலும் நுரையீரலிலும் ஸ்டெஃபைலோகாக்கஸ் கட்டிகள் ஓயாமல் வருகின்றன. வாதம் வலுவானது. ஆனால் டி-செல்களைக் கட்டுக்கடங்காமல் தூண்டினால் என்னாகும் என்பதை இக்கிருமியின் சூப்பர்ஆன்டிஜென்களே காட்டிவிட்டன. வி710க்குப் பிறகு இவ்வழியைத் தனியாக முன்னெடுக்கும் துணிவு எனக்கில்லை. நச்சு முறிக்கும் தடுப்பூசியோடு, நோயெதிர்ப்பை இன்னும் தூண்டுவதற்காகச் சேர்க்கும் துணைப்பொருளின் தேர்வில் இந்த அறிவைப் பயன்படுத்துவது பொருத்தம்.

எல்லா வழிகளோடும் வைத்து ஒப்பிட வேண்டிய, தடுப்பூசியே அல்லாத ஒரு வழியும் இருக்கிறது. நெதர்லாந்தில் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், மூக்கில் இக்கிருமி இருப்பதை விரைந்து கண்டறிந்து, ஐந்து நாட்கள் முப்பிரோசின் களிம்பும் குளோர்ஹெக்சிடின் குளியலும் கொடுத்தபோது, மருத்துவமனையில் வரும் ஸ்டெஃபைலோகாக்கஸ் தொற்று 7.7 சதவீதத்திலிருந்து 3.4 சதவீதமாகக் குறைந்தது. திட்டமிட்ட அறுவைக்குச் செல்பவர்களுக்கு இவ்வளவு எளிய முறை கையிலிருக்கும்போது, அதே நோயாளிகளுக்காகவே தடுப்பூசியை உருவாக்கி அவர்களிடமே சோதிப்பது ஏன் என்ற கேள்வியை மெர்க்கும் ஃபைசரும் சந்தித்திருக்க வேண்டும். அறுவை நோயாளிகளிடம் தொற்று அரிதாகவே நேர்வதால் ஆயிரக்கணக்கானோரைச் சேர்க்க வேண்டியிருந்தது. வந்த தொற்றும் வெட்டப்பட்ட எலும்பும் செயற்கைக் கம்பிகளும் இருக்கும், தடுப்பூசிக்கு மிகக் கடினமான இடத்தில் வந்தது.

ஆகவே என் தேர்வு இதுதான். முதலீட்டின் பெரும்பகுதி, ஆல்ஃபா நச்சு, லூக்கோசிடின்கள், சூப்பர்ஆன்டிஜென்கள் ஆகிய மூன்று குடும்பங்களையும் உள்ளடக்கிய டாக்சாய்டு தடுப்பூசிக்குச் செல்ல வேண்டும். சிறு பகுதி, தீவிர சிகிச்சைக்கான நச்சு முறி எதிர்ப்புரதத்துக்கு ஒதுக்கப்படலாம். சோதிக்க வேண்டியது அறுவை நோயாளிகளிடமன்று. சீழ்க்கட்டி திரும்பத் திரும்ப வருபவர்களிடம். அவர்களுக்குச் சில மாதங்களிலேயே மறுதொற்று வருவதால் சில நூறு பேரைக் கொண்டே விடை காணலாம். இறப்பு அபாயமும் குறைவு. இரத்தத் தொற்றை முழுமையாகத் தடுக்க வேண்டும் என்ற இலக்கை முதல் நாளே வைக்காமல், கட்டியின் அளவு, கத்தியிட வேண்டிய தேவை, மறுதொற்றின் எண்ணிக்கை ஆகியவற்றை அளக்க வேண்டும்.

இத்தேர்வுக்கெதிரான வலுவான சான்றை மறைப்பது நேர்மையாகாது. ஜிஎஸ்கே நிறுவனம் உறைச் சர்க்கரைகளோடு முறித்த ஆல்ஃபா நச்சையும் சேர்த்து, வலிமையான துணைப்பொருளுடன், அண்மையில் தோல் தொற்று கண்டவர்களிடமே சோதித்தது. பலன் தெரியாததால் நிறுத்தியது. நான் பரிந்துரைக்கும் நோயாளிகளும் அதே வகையினர், நச்சுகளில் ஒன்றும் அதுவே. ஆனால் அந்தச் சேர்க்கையில் லூக்கோசிடின்களும் சூப்பர்ஆன்டிஜென்களும் இல்லை; ஆகவே ஆல்ஃபா நச்சு ஒன்றை மட்டும் முறிப்பது போதாது என்பதை அது உறுதியாகச் சொல்கிறது, மூன்றையும் முறித்தால் என்னாகும் என்பதைச் சொல்லவில்லை. முழுச் சேர்க்கையும் அதே இடத்தில் தோற்றால், டாக்சாய்டு வழியையும் கைவிட்டுவிட வேண்டியதுதான்.

சோதனையின் இடத்தைப் பற்றியும் ஒரு நிபந்தனை உண்டு. 2008-2009இல் இந்தியாவின் 15 பெரிய மருத்துவமனைகளில் சேகரித்த ஸ்டெஃபைலோகாக்கஸ் மாதிரிகளில் சுமார் 40 சதவீதம் எம்ஆர்எஸ்ஏ. இவ்வளவு சுமையைத் தாங்கும் நாட்டில், இங்குள்ள கிருமி வகைகளின் நச்சுகளைக் கணக்கில் எடுத்து, இங்குள்ள நோயாளிகளையும் தொடக்கத்திலிருந்தே சேர்த்துக்கொண்டால்தான், பிறகு கிடைக்கும் தடுப்பூசி நமக்கும் பொருந்தும். அப்படிச் சேர்க்கப்படும் ஒவ்வொருவரின் ஐஎல்-2, ஐஎல்-17 அளவும் ஊசிக்கு முன்பே பதிவு செய்யப்பட வேண்டும். தொற்று வந்தவர்களின் இறப்பு மட்டும் தனியாக, சோதனை முடியும்வரை காத்திராமல், மாதந்தோறும் கணக்கிடப்பட வேண்டும். வி710 சோதனையில் இறந்தவர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன் அது.